ரஜூலா வழித்தடம்: நாகப்பட்டினம்–பினாங்கு கப்பல் நின்றது எதனால்?

முதலில் ரஜூலா, கடைசியில் சிதம்பரம் என்று நாகப்பட்டினத்துக்கும் மலேசியாவின் பினாங்குத் தீவுக்கும் இடையே ஓடிய பயணிகள் கப்பல் 1985ல் நின்றது. ஏன் நின்றது என்று இங்கே பினாங்கு லிட்டில் இந்தியாவில் வயதானவர்கள் யாரைக் கேட்டாலும் இரண்டில் ஒரு பதில் வரும். "பிளேன் வந்துடுச்சு" என்பார்கள், இல்லாவிட்டால் "சிதம்பரம் கப்பல் தீப்பிடிச்சிடுச்சு" என்பார்கள். இரண்டும் பொய்யில்லை. ஆனால் மெட்ராஸிலிருந்து இந்தப் பக்கம் விமானம் பறக்கத் தொடங்கி முப்பது ஆண்டு ஆன பிறகும் கப்பல் ஓடிக்கொண்டுதான் இருந்தது. தீப்பிடித்த கப்பலுக்குப் பதிலாக இன்னொன்றை இந்தத் தடத்தில் விட யாருக்கும் மனம் வரவில்லை. ஏன் வரவில்லை என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி. அதற்கான பதில் 1985ல் இல்லை, அதற்கு ஐம்பது ஆண்டுக்கு முன்னால் இருக்கிறது.

இப்படி ஒரு கட்டுரையை ராஜேந்திர சோழனின் கடாரப் படையெடுப்பிலிருந்து ஆரம்பிக்கும் ஆசை நம் ஆட்களுக்கு எப்போதும் உண்டு. அவ்வளவு தூரம் போக வேண்டாம், 1794 போதும்.

வந்து திரும்பும் பழக்கம்

ஆங்கிலேயர் பிரான்சிஸ் லைட் பினாங்கில் கொடி ஏற்றியது 1786ல். எட்டு ஆண்டு கழித்து அவர் எழுதிய குறிப்பு ஒன்றில் சோழமண்டலக் கரையிலிருந்து ஆண்டுதோறும் 1300 முதல் 2000 பேர் வரை கப்பலில் வருகிறார்கள், வியாபாரமோ கூலி வேலையோ செய்து கொஞ்சம் காசு சேர்த்துக்கொண்டு ஊர் திரும்புகிறார்கள், அவர்கள் இடத்துக்கு வேறு ஆட்கள் வருகிறார்கள் என்று இருக்கிறது. ஊரே புதுசு, அதற்குள் இந்தச் சுழற்சி நிலைபெற்றுவிட்டது. சூலியா தெருவில் இருக்கும் நாகூர் தர்காவும், காதர் முகையதீன் 1801ல் எழுப்பிய கப்பித்தான் கிளிங் பள்ளிவாசலும் அந்தப் பாய்மரக் காலத்து ஆட்கள் விட்டுப்போனவை. பருவக்காற்றைப் பார்த்து வருவார்கள், காற்று திரும்பியதும் போவார்கள். டிக்கெட்டுக்குப் பணம் கட்டியவன் பயணிதான், அல்லது அவனை அழைத்து வந்த மரைக்காயர் முதலாளி. அடுத்து நடந்ததைப் புரிந்துகொள்ள, பணம் கட்டியது யார் என்ற இந்த விவரத்தை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்.

யார் பணம் கட்டினார்கள்?

தீவுக்கு எதிரே நிலப்பக்கம் இருக்கும் செபராங் பிறையில் கரும்பு, அப்புறம் காப்பி, அப்புறம் ரப்பர். ஒவ்வொன்றுக்கும் ஆள் வேண்டியிருந்தது. முதலில் சஞ்சி முறை. பயணச் செலவைத் தோட்டம் கடனாகக் கொடுக்கும், கடன் தீரும்வரை ஆள் நகர முடியாது. 1910ல் அது ஒழிக்கப்பட்டபோது கங்காணி முறை வேரூன்றியிருந்தது. தோட்டத்தில் வேலை செய்யும் ஒருவரே லைசன்ஸ் வாங்கிக்கொண்டு தன் ஊருக்குப் போய், தன் சாதி சனத்தைத் திரட்டிக் கூட்டி வருவார்.

இதற்கெல்லாம் மேலே ஒரு பெரிய மாற்றம் 1907ல் நடந்தது. மலாயாவில் இந்தியர் குடியேற்ற நிதி என்று ஒன்று உருவானது. தமிழ்த் தொழிலாளரை வைத்திருக்கும் ஒவ்வொரு முதலாளியும் தன்னிடம் இருக்கும் ஆட்களின் கணக்குப்படி அதில் பணம் கட்ட வேண்டும். கிராமத்திலிருந்து ரயில் கட்டணம், ஆவடியிலும் நாகப்பட்டினத்திலும் இருந்த முகாம்களில் சாப்பாடு, கப்பல் டிக்கெட் எல்லாம் அந்த நிதியிலிருந்து போகும். பயணிக்கு எதுவும் செலவில்லை, கடனும் இல்லை.

தொழிலாளி பக்கமிருந்து பார்த்தால் சஞ்சியைவிட இது எவ்வளவோ மேல். கப்பல் கம்பெனி பக்கமிருந்து பார்த்தால் விஷயம் வேறு. பிரிட்டிஷ் இந்தியா ஸ்டீம் நேவிகேஷன் கம்பெனிக்கு டெக்கில் படுத்திருக்கும் ஆயிரக்கணக்கானவர்கள் சுமை, பணம் கொடுக்கும் வாடிக்கையாளர் அந்த ஒரே ஒரு நிதி. ஒரே வாடிக்கையாளரை நம்பிக் கடை போட்டால் என்ன ஆகும் என்பது பிறகு தெரிந்தது.

1926ல் கட்டிய கப்பல்

ரப்பர் நன்றாக ஓடிய காலம் அது. 1926ல் மட்டும் மலாயாவுக்கு வந்த இந்தியர்களின் எண்ணிக்கை ஒன்றரை லட்சத்தைத் தாண்டியது. அதற்கு முன்னும் பின்னும் எந்த ஆண்டிலும் அத்தனை பேர் வரவில்லை. அதே 1926ல் கிளாஸ்கோவில் பார்க்ளே கர்ல் தளத்தில் ரஜூலா தண்ணீரில் இறங்கியது. எடை 8000 டன்னுக்குக் கொஞ்சம் அதிகம், அன்றைய கணக்கில் நடுத்தரக் கப்பல். ஆனால் டெக் பயணிகளாக மட்டும் 5000க்கும் மேற்பட்டவர்களை ஏற்ற அதற்கு அனுமதி இருந்தது. அட்லாண்டிக்கில் ஓடிய பேர்பெற்ற பெரிய கப்பல்களில்கூட அத்தனை பயணிகளை எண்ண முடியாது. தங்கைக் கப்பல் ரோனாவும் அதே ஆண்டுதான் வந்தது.

மெட்ராஸ், நாகப்பட்டினம், பினாங்கு, போர்ட் சுவெட்டன்ஹாம், சிங்கப்பூர். போர்ட் சுவெட்டன்ஹாம் இன்றைய கிள்ளான் துறைமுகம். நாகையிலிருந்து பினாங்கு கிட்டத்தட்ட 1250 கடல் மைல். மணிக்குப் பன்னிரண்டு, பதின்மூன்று மைல் போகும் ரஜூலாவுக்கு அது நான்கு நாளைத் தாண்டும் ஓட்டம்.

நாகப்பட்டினத்தில் பெரிய கப்பல் வந்து ஒட்டி நிற்கும் ஆழமான துறை கிடையாது. கப்பல் வெளிக்கடலில் நங்கூரம் போட்டு நிற்கும், ஆட்களைப் படகில் ஏற்றிக்கொண்டு போவார்கள். தீவுக்கு எதிர்க்கரையான பிறையில் இருக்கும் என் பெரியம்மா 1950களின் கடைசியில் கல்யாணமாகி ரஜூலாவில் வந்தவர். கப்பலைப் பற்றிக் கேட்டால் கடலைப் பற்றிப் பேசமாட்டார், அந்தப் படகிலிருந்து ஏணிக்குக் கால் வைத்த கணத்தைத்தான் பேசுவார். "அலை தூக்கும்போது கால வை, இறங்கும்போது வைக்காதேன்னு படகுக்காரன் கத்துவான். யாரு கேக்குறது? எனக்கு முன்னால போன அம்மா கால வச்சா, படகு கீழ போயிடுச்சு. ரெண்டு பேரு கையப் புடிச்சுத் தூக்கிட்டாங்க. செருப்பு கடல்ல போச்சு." முதல் இரண்டு நாள் வாந்தி. மூன்றாம் நாள்தான் பசி தெரிந்ததாம்.

அவர் கொண்டுவந்த தகரப் பெட்டி இன்னும் கட்டிலுக்கு அடியில் இருக்கிறது. பச்சைப் பெயின்ட், மூடியில் வெள்ளை எழுத்தில் பெரியப்பாவின் இனிஷியல், அதன் கீழே பினாங்கு. பக்கவாட்டில் பாதி கிழிந்த அச்சுச் சீட்டு ஒன்று ஒட்டியிருக்கிறது. பயணத்தின்போது தேவைப்படாத சாமான் என்று குறிக்கும் கப்பல் கம்பெனிச் சீட்டு. அந்தப் பெட்டிகளெல்லாம் அடிக்கிடங்குக்குப் போய்விடும். மேலே ஒரு பாய், ஒரு துணி மூட்டை, ஒரு கூஜா, எலுமிச்சை ஊறுகாய். பாயை விரித்த இடம்தான் அந்த நான்கு நாளைக்கு வீடு. கிடங்கில் பெட்டிகளோடு வெங்காயமும் மிளகாயும் வரும். நம் மளிகைக் கடைகளுக்கான சரக்கும் நம் ஆட்களும் ஒரே கப்பலில்தான் வந்தார்கள்.

இறங்கிய இடத்திலிருந்து தோட்டம் வரை

போருக்கு முன் டெக் பயணிகள் நேராகப் பினாங்கு நகரமான ஜார்ஜ் டவுனில் இறங்குவதில்லை. தீவின் கிழக்குக் கரையை ஒட்டி இருக்கும் ஜெரஜாக் தீவில் முதலில் இறக்கிவிடுவார்கள். அம்மை, காலரா பயத்தில் அங்கே குவாரண்டைன். அந்தத் தீவு பிறகு, 1969 முதல் 1993 வரை, சிறைச்சாலையாக இருந்தது. இன்றைய தலைமுறைக்கு அந்தப் பெயர்தான் ஞாபகம். மலாயா மண்ணில் லட்சக்கணக்கான தமிழர் முதலில் கால் வைத்த இடங்களில் ஒன்று அது என்பது பலருக்கும் தெரியாது. பினாங்குப் பாலத்தில் போகும்போது தெற்கே தெரியும் காட்டுத் தீவு அதுதான். அங்கே ஒரு கல்வெட்டு வைக்க வேண்டும் என்று யாராவது கேட்டால் கையெழுத்துப் போட நான் தயார்.

குவாரண்டைன் முடிந்ததும் படகில் பிறை, பிறையிலிருந்து ரயில். அங்கே ரயில் வந்து சேர்ந்ததும் ஒரு தனிக் கதை. மலாயாவின் முதல் ரயில் பாதை 1885 ஜூன் 1ல் தைப்பிங்கிலிருந்து போர்ட் வெல்ட் வரை, வெறும் எட்டு மைல், ஈயம் ஏற்றுவதற்காகத் திறக்கப்பட்டது. அதைப் போடுவதற்கு இலங்கையிலிருந்து ஆள் கூட்டி வந்தார்கள். இங்கே புக்கிட் மெர்தாஜாமுக்கும் பிறைக்கும் இடையே 1899 வாக்கில் பாதை வந்தது. 1903ல் பிறையிலிருந்து சிரம்பான் வரை ஒரே தொடர், 1909ல் ஜொகூர் பாரு. ரஜூலா கட்டப்பட்டபோது ஜொகூர் கடற்பாலத்தின் வழியாகச் சிங்கப்பூருக்கே ரயில் போய்க்கொண்டிருந்தது. பிறையில் ஏறினால் கெடாவிலோ பேராக்கிலோ சிலாங்கூரிலோ தோட்டத்துக்குக் கூப்பிடு தூரத்தில் இருக்கும் ஒரு சின்ன ஸ்டேஷனில் இறங்கிவிடலாம். அதற்கு மேல் மாட்டுவண்டி அல்லது நடை.

ஒரு வேடிக்கை. ஜார்ஜ் டவுனில் படகுத் துறைக்கு எதிரே மணிக்கூண்டோடு ஒரு பெரிய வெள்ளைக் கட்டடம் இருக்கிறதே, இப்போது சுங்கத்துறை அலுவலகம், அது ரயில் நிலையமாகக் கட்டியது. தீவில் தண்டவாளமே கிடையாது. டிக்கெட்டை இங்கே வாங்கிக்கொண்டு, ரயில்வேயின் படகிலேயே பிறைக்குப் போய் ரயில் ஏற வேண்டும். கப்பல், படகு, ரயில் மூன்றையும் ஒரே கோவையாகப் பின்னிய ஏற்பாடு அது. இன்று விமான நிலையத்துக்கு ரயில் வேண்டும் என்று நாம் கேட்டுக்கொண்டிருக்கிறோம்.

1938 ஜூன் 15

ரஜூலா ஓடத் தொடங்கி நாலு வருஷத்துக்குள் ரப்பர் விலை பாதாளத்துக்குப் போனது. தோட்டங்கள் ஆளைக் குறைத்தன, சம்பளத்தை வெட்டின. வரும்போது டிக்கெட் கொடுத்த அதே நிதி, இப்போது திரும்பிப் போவதற்கு டிக்கெட் கொடுத்தது. 1930க்கும் 1932க்கும் இடையில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் இலவச டிக்கெட்டில் ஊருக்கு அனுப்பப்பட்டார்கள். கப்பலுக்குக் கூட்டம் குறையவில்லை, திசைதான் மாறியது. கம்பெனிக்கு வருமானம் நிற்கவில்லை என்பதால் இந்த அபாயம் அன்று யார் கண்ணிலும் படவில்லை என்று நினைக்கிறேன்.

பிறகு நிலைமை கொஞ்சம் சீரானது. ஆனால் வெட்டிய சம்பளம் முழுதாகத் திரும்பவில்லை. இந்திய அரசாங்கம் அனுப்பிய சீனிவாச சாஸ்திரி வந்து பார்த்துவிட்டுப் போனார். மறுபடியும் சம்பளத்தில் கை வைத்தார்கள். இந்திய அரசாங்கம் பொறுமை இழந்து, 1938 ஜூன் 15 முதல் உதவி பெற்றுப் போகும் உடலுழைப்புத் தொழிலாளர் யாரும் மலாயாவுக்குப் புறப்படக் கூடாது என்று தடை போட்டது. அந்தத் தடை நீங்கவே இல்லை.

ஒரு கப்பலின் சாவுக்குத் தேதி குறிக்க வேண்டுமென்றால் நான் இந்தத் தேதியைத்தான் எழுதுவேன். 5000 பேரை ஏற்றக் கட்டிய கப்பலுக்கு அந்த 5000 பேரின் டிக்கெட்டையும் வாங்கிக்கொண்டிருந்த ஒரே வாடிக்கையாளர் அன்றைக்குக் கடையை விட்டு வெளியேறிவிட்டார். அதற்குப் பிறகு ரஜூலா இன்னும் முப்பத்தைந்து ஆண்டு ஓடியது உண்மைதான். ஆனால் ஓடியது வேறு தொழில்.

போர்

1941 டிசம்பரில் ஜப்பான் குண்டு போட்டது. வெள்ளைக்காரர்கள் தங்கள் ஆட்களை மட்டும் இரவோடு இரவாக ஏற்றிக்கொண்டு தீவை விட்டுப் போனார்கள். தடம் அறுந்தது. ரஜூலா படைகளை ஏற்றப் போனது, தப்பித்துத் திரும்பியது. ரோனாவுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. 1943 நவம்பர் 26ல் அல்ஜீரியக் கரைக்கு அப்பால் ஜெர்மன் விமானம் ஏவிய வழிகாட்டுக் குண்டு பட்டு மூழ்கியது. அமெரிக்கப் படையினர் மட்டும் 1000க்கும் மேல் செத்தார்கள். பணியாளரில் இந்தியர் ஏராளம், அவர்களைப் பற்றி எழுதியவர் குறைவு.

அந்த நாலு வருஷத்தில் பினாங்கிலிருந்து இந்தியக் கரைக்குப் போன பயணிகள் விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள், போனது நீர்மூழ்கியில். 1942 செப்டம்பரில் பினாங்கில் பயிற்சி பெற்ற இளைஞர்களை ஜப்பானியர் கேரளக் கரையில் இறக்கிவிட்டார்கள். பிடிபட்டவர்களில் வக்கம் அப்துல் காதர் உள்ளிட்டோர் மறு ஆண்டு செப்டம்பரில் மெட்ராஸ் சிறையில் தூக்கிலிடப்பட்டார்கள். அதே காலத்தில் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழர்களை ரயிலில் ஏற்றி சயாம்–பர்மா பாதை போடக் கொண்டுபோனார்கள். 415 கிலோமீட்டர் பாதை, போனவர்களில் எத்தனையோ பேர் திரும்பவில்லை. அதை இந்த ஆய்வுக்குள் நாலு வரியில் அடக்குவது நியாயமில்லை, தனியாக எழுத வேண்டியது.

காசு கொடுத்து வந்த பயணி

1946க்குப் பிறகு கப்பல் மறுபடி வந்தபோது டெக்கில் இருந்தவர்கள் வேறு மாதிரி ஆட்கள். கடைக்காரர், கடைக்கு ஆளாக வரும் அண்ணன் மகன், ஊருக்குப் போய்ப் பெண் கட்டித் திரும்பும் கிராணி (தோட்ட எழுத்தர்), அம்மாவுக்கு முடியவில்லை என்று தந்தி வந்து ஓடுகிறவர். எல்லாரும் சொந்தக் காசில். டெக்கில் ஏற்ற அனுமதித்த எண்ணிக்கையும் பழைய 5000த்திலிருந்து வெகுவாகக் குறைக்கப்பட்டது, அது நல்லதுதான்.

இந்தக் கூட்டத்தையும் சட்டம் மெல்ல வடிகட்டியது. 1953 ஆகஸ்டில் நடைமுறைக்கு வந்த குடிநுழைவுச் சட்டம் புதிதாக வேலை தேடி வருகிறவனுக்குக் கதவைச் சாத்தியது. ஏற்கனவே இங்கே இருப்பவரின் மனைவி, பிள்ளை வரலாம். என் பெரியம்மா வந்தது அந்த இடுக்கு வழியாகத்தான். 1957ல் சுதந்திரம், குடியுரிமை. விண்ணப்பித்தவர்களுக்கு நீல ஐசி, அதாவது குடிமக்களின் அடையாள அட்டை. எழுதப் படிக்கத் தெரியாமலோ அலட்சியத்தாலோ, "நாளைக்குப் பார்த்துக்கலாம்" என்றோ விட்டவர்களுக்குச் சிவப்பு ஐசி. பன்னிரண்டு வருஷம் கழித்து அந்த நிறம் ஆளைக் கடித்தது. 1969ல் குடியுரிமை இல்லாதவர்கள் வேலை செய்ய பெர்மிட் வேண்டும் என்று கெடுபிடி வந்தபோது, பால்மரக் காட்டிலேயே பிறந்து வளர்ந்த பிள்ளைகளோடு பல்லாயிரம் பேர் மூட்டை கட்டினார்கள்.

அவர்களுக்குக் கட்டுப்படியான வழி கப்பல்தான். ரஜூலாவும் அதோடு இந்தத் தடத்தில் ஓடிய இந்தியக் கப்பல் ஸ்டேட் ஆஃப் மெட்ராஸும் அந்த ஓரிரு ஆண்டு நிரம்பிப் போயின. கப்பல் கம்பெனிக் கணக்கில் அது நல்ல வியாபாரமாகத் தெரிந்திருக்கும். உண்மையில் அடுத்த இருபது வருஷம் அவ்வப்போது ஊருக்குப் போய்வர வேண்டிய வாடிக்கையாளர்கள் கடைசி முறையாக ஒருவழி டிக்கெட் எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

அப்போது விமானம் எங்கே இருந்தது?

பினாங்கின் பாயான் லெப்பாஸில் விமான நிலையம் வந்தது 1935ல். மறு ஆண்டு மார்ச்சில் இம்பீரியல் ஏர்வேஸின் டொராடோ என்ற சின்ன விமானம் பினாங்கிலிருந்து கிளம்பி ஹாங்காங் போய் இறங்கியது. ஹாங்காங்குக்குத் தொடங்கிய முதல் முறையான விமானச் சேவை அது. தபால் பைகள் நிறைய, பயணி ஒரே ஒருவர். அந்த வாரம் ரஜூலாவின் டெக்கில் எத்தனை பாய் விரிந்திருக்கும் என்று யோசித்தால், விமானத்தைப் பார்த்துக் கப்பல்காரர்கள் ஏன் பயப்படவில்லை என்பது விளங்கும்.

1937ல் வெர்ன்ஸ் கம்பெனி சிங்கப்பூர், கோலாலம்பூர், பினாங்குக்கு இடையே எட்டு பேர் உட்காரும் விமானங்களை விட்டது. 1947 மே மாதம் மலாயன் ஏர்வேஸ் ஐந்து இருக்கை விமானத்தோடு தொடங்கியது. இதுதான் பேர் மாறி மாறி, 1972ல் இரண்டாகப் பிரிந்து, ஒரு பாதி மலேசிய விமான நிறுவனமான மாஸ் ஆனது, மறுபாதி சிங்கப்பூர் ஏர்லைன்ஸ். 1950களின் நடுவில் ஏர் இந்தியா மெட்ராஸ் வழியாகச் சிங்கப்பூருக்குப் பறந்தது. கோலாலம்பூரின் சுபாங் விமான நிலையம் 1965 ஆகஸ்ட் 30ல் திறந்தது, பெரிய ஜெட்கள் இறங்கக்கூடிய நீண்ட ஓடுபாதையோடு.

இருந்தும் 1960கள் முழுக்க விமானத்தில் போனவர்கள் வக்கீல், டாக்டர், பெரிய கடை முதலாளி. தோட்டத்து ஆளுக்கு அந்த டிக்கெட் மாதக்கணக்கான சம்பளம். அது மட்டுமில்லை, கப்பலில் பெட்டி பெட்டியாகக் கொண்டுபோகலாம். ஊருக்குப் போகிறவன் சேலை, டார்ச் லைட், டிரான்சிஸ்டர், தைலம் என்று நாலு பெட்டி இல்லாமல் போனால் மரியாதை என்ன ஆவது?

சிதம்பரம்

1973ல் ரஜூலாவை இந்திய அரசின் ஷிப்பிங் கார்ப்பரேஷன் ஆஃப் இந்தியா வாங்கி ரங்கத் என்று பெயர் மாற்றியது. மறு ஆண்டே உடைக்கப் போய்விட்டது. நாற்பத்தேழு வருஷம் ஓடிய கப்பலுக்கு அதற்கு மேல் என்ன எதிர்பார்ப்பது.

அதன் இடத்துக்கு வந்தது சிதம்பரம். பிரான்சில் 1966ல் பாஸ்டர் என்ற பெயரில் கட்டி, ஐரோப்பாவுக்கும் தென்னமெரிக்காவுக்கும் இடையே ஓட்டிய கப்பல். 17,000 டன்னுக்கு மேல், 20 மைல் வேகம். வ.உ.சிதம்பரம் பிள்ளையின் பெயரை வைத்தார்கள். அவர் தூத்துக்குடியில் எந்தப் பிரிட்டிஷ் இந்தியா கம்பெனியை எதிர்த்துச் சுதேசிக் கப்பல் விட்டு நொடித்துப் போனாரோ, அதே கம்பெனியின் தடத்தில் அவர் பெயர் தாங்கிய கப்பல். பெயர் வைத்தவருக்கு ஒரு சபாஷ்.

ஏறிப் பார்த்தவர்கள் இன்னும் அந்தக் கப்பலைப் புகழ்கிறார்கள். குளிர்சாதனம், நீச்சல் குளம், படுக்க அடுக்குக் கட்டில். கப்பலில் குறை இல்லை, வாங்கிய நேரத்தில்தான் குறை. 1973 அக்டோபரில் மத்தியக் கிழக்கில் போர், சில மாதத்தில் எண்ணெய் விலை நாலு மடங்கு. இருபது மைல் வேகத்தில் போகும் கப்பல் எண்ணெயைக் குடிக்கும். வேகத்தைக் குறைத்தால் விமானத்தோடு போட்டி போட இருந்த ஒரே பலமும் போய்விடும்.

அப்புறம் லீவு. இதைப் பற்றி யாரும் அதிகம் எழுதி நான் பார்த்ததில்லை, ஆனால் எனக்கு இதுவே பெரிய காரணமாகப் படுகிறது. 1972ல் பாயான் லெப்பாஸில், விமான நிலையத்துக்குப் பக்கத்திலேயே, தடையற்ற வணிக வட்டாரம் வந்தது. தோட்டத்துப் பிள்ளைகள் லயத்தை (தோட்டத்துக் குடியிருப்பு வரிசை) விட்டு எலக்ட்ரானிக்ஸ் ஃபேக்டரிகளுக்கு வந்தார்கள். தோட்டத்து ஆள் மூன்று மாதம் ஊருக்குப் போய்வந்தாலும் கங்காணியிடம் சொல்லித் திரும்பச் சேர்ந்துகொள்ளலாம். ஃபேக்டரியில் ஆண்டு லீவு என்றால் பத்து, பன்னிரண்டு நாள், ஷிஃப்ட் பட்டியலில் பேர் எழுதிவிட்டுத்தான் போக வேண்டும். சிதம்பரம் மூன்று நாளில் கொண்டுபோய்ச் சேர்த்தாலும், போகவும் வரவும் ஆறு நாள். ஒரே கப்பல் மெட்ராஸுக்கும் சிங்கப்பூருக்கும் இடையே மாறி மாறி ஓடுகிறது. ஒன்றை விட்டால் அடுத்தது வாரக்கணக்கில் கழித்துத்தான். தீபாவளிக்கு ஊரில் இருக்க வேண்டுமென்றால் கப்பல் அட்டவணை தீபாவளியை மதிக்க வேண்டும். கப்பல் கட்டணம் விமானத்தைவிடக் குறைவாகவே இருந்திருக்கலாம். இழந்த சம்பளத்தைக் கூட்டிப் பார்த்தால் வித்தியாசம் சுருங்கிவிடும். புதிய பயணிக்கு நேரத்துக்கு விலை வந்துவிட்டது.

மிச்சம் இருந்தவர்கள் வயதானவர்கள், நிறையச் சாமான் கொண்டுபோகிற வியாபாரிகள், விமானத்துக்குப் பயந்தவர்கள். இவர்களை வைத்துக்கொண்டு அந்த அளவுக் கப்பலை ஓட்ட ஓர் அரசாங்கக் கம்பெனியால் மட்டும்தான் முடியும்.

1985 பிப்ரவரியில் வங்கக் கடலில் வந்துகொண்டிருந்தபோது சிதம்பரத்தில் தீப்பிடித்தது. 30க்கும் மேற்பட்டவர்கள் உயிரிழந்தார்கள். கப்பலைச் சரிசெய்து மறுபடி விடலாமா என்ற கேள்விக்கு மேலே சொன்ன கணக்கெல்லாம் சேர்ந்து பதில் சொல்லிவிட்டது. அந்த ஆண்டே அதை உடைக்கக் கொடுத்தார்கள். நாகப்பட்டினத்தில் படகுக்காரர்களுக்கும், ஜார்ஜ் டவுன் துறைமுகத்தைச் சுற்றி இருந்த விடுதிக்காரர், பணம் மாற்றுகிறவர், பெட்டி தூக்குகிறவர்களுக்கும் அதோடு ஒரு பிழைப்பு போயிற்று.

அதே ஆண்டு செப்டம்பர் 14ல் பினாங்குப் பாலம் போக்குவரத்துக்குத் திறந்தது, 13.5 கிலோமீட்டர். அதுவரை தீவு என்றால் கடல் வழியாக வந்து சேரும் ஊர். பிப்ரவரியிலிருந்து செப்டம்பருக்குள் அந்த அடையாளம் இரண்டு பக்கமும் தளர்ந்தது. பத்திரிகைகள் பாலத்தைக் கொண்டாடின, கொண்டாட வேண்டியதுதான்.

திருச்சி

கப்பல் நின்றபோது மறைந்துபோனது ஒன்று உண்டு: நாகப்பட்டினம். மெட்ராஸ் விமானம் மெட்ராஸ்காரனுக்கு வசதி. ஆனால் இங்கே இருக்கும் நம் ஆட்களில் பெரும்பகுதியின் ஊர் காவிரிப் படுகையிலும் திருச்சி, புதுக்கோட்டை, ராமநாதபுரம் பக்கமும் இருக்கிறது. 1985க்குப் பிறகு அவர்களெல்லாம் மெட்ராஸில் இறங்கி, ராத்திரி பஸ்ஸோ ரயிலோ பிடித்துத் தெற்கே போனார்கள். கப்பல் வீட்டுக்குப் பக்கத்தில் இறக்கிவிட்டது, விமானம் ஒரு ராத்திரி தள்ளி இறக்கிவிட்டது.

அது மாறியது 2008 டிசம்பரில், ஏர் ஏசியா கோலாலம்பூரிலிருந்து திருச்சிக்கு விமானம் விட்டபோது. அந்தக் கம்பெனி இந்தியாவில் முதன்முதலில் தேர்ந்தெடுத்த ஊரே திருச்சிதான். டில்லியில் உட்கார்ந்து பார்க்கிறவருக்கு அது விநோதமாக இருந்திருக்கும். ரஜூலாவின் பயணிகள் பட்டியலைப் பார்த்தவருக்கு இருக்காது. சிதம்பரத்தின் வாரிசு மெட்ராஸ் ஜெட் இல்லை, இந்தத் திருச்சி விமானம்தான். இன்றைக்கும் அந்த விமானத்தில் கைப்பெட்டி எடை பார்க்கும் இடத்தில் நடக்கும் வாக்குவாதத்தைக் கவனித்தால் டெக் காலத்து நாலு பெட்டிப் பழக்கம் சாகவில்லை என்பது தெரியும்.

இடையிடையே கப்பல் திரும்ப வரும் என்று பேச்சு கிளம்பும். 2023 அக்டோபரில் நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குப் பயணிகள் கப்பல் தொடங்கியபோது இங்கேயும் வாட்ஸ்அப்பில் அது சுற்றியது, "அடுத்தது பினாங்குதான்" என்று. காங்கேசன்துறை சில மணி நேரத் தூரம், காலையில் ஏறி மதியம் இறங்கலாம். அந்தச் சேவைகூட நின்று நின்றுதான் ஓடுகிறது. பினாங்கு அதைப்போல் இருபது மடங்கு தூரம். பினாங்கின் சுவெட்டன்ஹாம் துறையில் இப்போது வந்து நிற்கும் உல்லாசக் கப்பல்களில் ஒன்று எப்போதாவது நாகையைத் தொட்டு வரலாம், அது சுற்றுலா. பயணிகள் சேவையாக நடத்த இன்று எந்த நிதி பணம் கட்டும்?

2024 டிசம்பர் 21 முதல் இண்டிகோ சென்னையிலிருந்து நேராகப் பினாங்குக்குப் பறக்கிறது. கோலாலம்பூரில் இறங்கி மாறுவது மிச்சம், சென்னையில் வேலை இருப்பவர்களுக்கு ரொம்ப வசதி. தஞ்சாவூர், மன்னார்குடி, நாகை போகிறவர்கள் மட்டும் கணக்குப் போட வேண்டும். சென்னையில் இறங்கினால் அதற்கு மேல் ஒரு ராத்திரி ரயில். கோலாலம்பூர் வரை இங்கிருந்து இன்னொரு விமானமோ, எதிர்க்கரையில் பட்டர்வொர்த்தில் ரயிலோ ஏறி, அங்கிருந்து திருச்சி போனால் தஞ்சாவூர் ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல். எங்கள் வீட்டில் கேட்டால், சாமான் அதிகம் இருக்கும்போது திருச்சி, கல்யாணப் பட்டு எடுக்கிற வேலை இருந்தால் சென்னை என்று சொல்வார்கள்.